ஈரத்தின் கணக்கு

வெட்டிய அன்றைக்கே ஒரு பச்சைக் கட்டையை எடைபோட்டால், அந்த எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மரத்துக்கு மரம் இது மாறும். அடர்ந்த, வைரம் பாய்ந்த மரங்களில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். மென்மரங்களில் பாதிக்கு மேலும் போகும். கையில் எடுத்துப் பார்த்தால் அந்த ஈரம் தெரியாது. வெட்டுமுகத்தில் லேசாகப் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். ஒரு டன் பச்சை விறகை லாரியில் ஏற்றுகிறவர் அரை டன் மரத்தையும் அரை டன் தண்ணீரையும் ஏற்றுகிறார். அந்தத் தண்ணீர் கட்டையை விட்டுப் போகாமல் எந்த அடுப்பிலும் நெருப்பு பிடிக்காது. என்றாவது அது போயே தீரும். எங்கே வைத்துப் போகிறது, யார் செலவில் போகிறது என்பதில்தான் விறகின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய நுண்குழாய்கள், வெட்டியபிறகும் அப்படியேதான் இருக்கின்றன. குழாய்க்குள் நிற்கும் நீர் ஒரு வகை. குழாயின் சுவரில், நாரோடு நாராக ஒட்டிக் கிடக்கும் நீர் இன்னொரு வகை. காற்றுப் பட்டதும் முதல் வகை கிளம்பிவிடும். அது போகும்வரை கட்டை சுருங்காது, வெடிக்காது, பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. எடை மட்டும் இறங்கிக்கொண்டே வரும். உலர்மரத்தின் எடையில் சுமார் 30 விழுக்காடு என்ற அளவுக்கு நீர் குறைந்த பிறகுதான் சுவரில் ஒட்டிய நீர் அசையத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது. நடுவிலிருந்து விளிம்புவரை வெடிப்பு ஓடுகிறது, பட்டை கழன்று வருகிறது, நிறம் மங்குகிறது. இரண்டு கட்டைகளை மோதினால் தொப்பென்று கேட்ட ஓசை கணீரென்று மாறுகிறது. விறகு விற்கும் தொட்டியில் வெகுகாலம் நின்றவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார்கள்.

நீர் நார் ஓடும் திசையில் எளிதாக நகரும்; குறுக்கே நகர்வது அதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு மெதுவு. நீளமான உருளையைப் பட்டையோடு மண்ணில் போட்டு வைத்தால், அது காய்வதற்குள் கறையான் முந்திக்கொள்ளும். ஆகவேதான் குட்டையாக அறுக்கிறோம், ஆப்பு வைத்துப் பிளக்கிறோம். பிளப்பது அடுப்பின் வாய்க்காக என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே அடைபட்ட நீருக்கு வழி திறப்பதற்காகவும் அது. சில இடங்களில் மரத்தைச் சாய்த்ததும் கிளையைக் கழிக்காமல் சில நாள் அப்படியே கிடக்க விடுவார்கள். தாய்மரம் சாய்ந்தது தெரியாமல் இலைகள் வாடும்வரை தண்டின் நீரை இழுத்து ஆவியாக்கிக்கொண்டிருக்கும். மரமே தன்னைக் காயவைக்கிறது.

பிளந்த விறகை அடுக்கி அட்டி போடுவதிலும் ஒரு முறை உண்டு. அடியில் கல்லோ கட்டையோ வைத்து மண்ணில் படாமல் தூக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே மட்டும் ஓலையோ தகரமோ போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். மழைக்குப் பயந்து முழுக்கத் தார்ப்பாயால் போர்த்தினால் உள்ளே கட்டை வேர்த்து, பூஞ்சை படரும். வெயில் தேவைதான், ஆனால் காற்று அதைவிடத் தேவை. வெயில் நீரை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து எடுத்துப் போவது காற்று. மாசியில் பிளந்து அடுக்கிய கட்டை பங்குனி, சித்திரை வெயிலைக் குடித்து, ஆடிக்காற்றையும் வாங்கிக்கொண்டால் ஐப்பசி மழைக்குள் அடுப்புக்குத் தயாராகிவிடும்.

இதற்குள் நடந்த வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். பாதி ஈரமுள்ள ஒரு டன் விறகு, ஐந்தில் ஒரு பங்கு ஈரத்துக்கு இறங்க, 375 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். இதை மின்சாரத்தால் செய்வதென்றால், துளி வெப்பமும் வீணாகாவிட்டாலும் ஏறத்தாழ 250 யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில், ஒரு குடும்பத்தின் ஐந்து மாதத்து இலவச மின்சாரம் அது. ஒரு திறந்த கொட்டகையின் கீழே வெயிலும் காற்றும் அவ்வளவையும் கூலி கேட்காமல் செய்துவிடுகின்றன. நாட்களை மட்டும் கேட்கின்றன. அந்த நாட்களைத் தர மனமில்லாதபோது சூளை வருகிறது. லாட்வியா, லிதுவேனியா போன்ற நாடுகளில் விறகைச் சூளையில் வைத்துக் காயவைத்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். 2021 மே முதல் இங்கிலாந்தில் இரண்டு கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். விறகைக் காயவைக்க மரக்கழிவையே எரிக்கும் சூளைகளும் அந்த ஏற்றுமதி நாடுகளில் உண்டு. நாளைச் சேமிக்க அங்கே நெருப்பு செலவாகிறது.

காய்தல் ஒருமுறை நடந்து முடிந்துவிடுவதும் இல்லை. மரம் சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். நம் கடற்கரை ஊர்களின் சாதாரணக் காற்றில் அது பன்னிரண்டு, பதின்மூன்று விழுக்காட்டுக்குக் கீழே எளிதில் போகாது. அடைமழைக் காலத்தில் கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் கட்டைகூடக் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி இருபதை நெருங்கிவிடும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, நாளைக்கு எரியவேண்டிய விறகை இன்றைய நெருப்பின் மேலே வைத்ததற்கு இதுதான் காரணம்.

இனி நெருப்புக்கு வருவோம். இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் போட வேண்டும், ஏனென்றால் அது முதலில் தப்பான பதிலைச் சொல்லும். முழுக்க உலர்ந்த மரம் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். பாதி ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் மரம் அரைக் கிலோதான். அதன் வெப்பம் 2,250. கூடவே இருக்கும் அரைக் கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 300 போகும். எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் நஷ்டம் அவ்வளவே. ஆனால் ஈர விறகோடு மல்லாடிச் சமைத்த எந்தப் பெண்ணும் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். உலை கொதிக்க மறுக்கும், கட்டையின் முனையில் நுரை கக்கும், ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்த கணமே சுடர் படுத்துவிடும். எட்டில் ஒரு பங்கு இழப்பு இப்படி இருக்காது. மீதி எங்கே போனது?

புகையாகப் போனது. மரம் நேராக எரிவதில்லை. சூடு 250, 300 டிகிரியைத் தாண்டும்போது அது வாயுவாகப் பிரிகிறது. உலர்மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாக மாறக்கூடியது. சுடர் என்று நாம் பார்ப்பது கட்டைக்கு மேலே எரியும் இந்த வாயுதான். அது முழுக்க எரிய 600 டிகிரிக்கும் மேலான சூடு வேண்டும். ஈரக்கட்டையிலோ, நீர் ஆவியாகி முடியும்வரை அந்த இடம் நூறு டிகிரியை விட்டு நகராது. ஒரு பக்கம் காய்ந்த ஓரம் வாயுவை விடும். பக்கத்திலேயே கொதிக்கும் நீர் நெருப்பைக் குளிரவைக்கும். எரிவதற்குப் போதிய சூடு கிடைக்காமல் வாயு அப்படியே வெளியேறும். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை, எரியாமல் தப்பிப் போன விறகு. காட்டிலிருந்து வெட்டி, சுமந்து, காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் கூரை வழியே கசிந்து போகிறது. சுவரில் கரியாகவும் தாராகவும் படிகிறது. கொஞ்சம் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

எரியாத வாயுவில் எவ்வளவு வலு ஒளிந்திருக்கிறது என்பதற்கு நம் ஊர்ச் சாலைகளே சாட்சி. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது சென்னை மாகாணத்தில் கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸோடு பொருத்திய உருளையில் கரியைக் கனலவைத்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். மரக்கரியின் வாயு ஒரு பஸ்ஸையே இழுக்கும். ஆனால் பச்சை விறகை அந்த உருளையில் போட முடியாது; தார் சேர்ந்து எஞ்சினை அடைத்துவிடும். ஈரமும் தாரும் முன்பே கழிந்த கரிதான் ஆகும்.

அந்தக் கழித்தலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் போக வேண்டும். சீமைக் கருவேலக் கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். அதற்குப் பெயர் மூட்டம். அதைப் போடுகிறவர்கள் வெளியே வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்வார்கள். முதலில் வெள்ளையாக, திரண்டு வருவது நீர். பிறகு மஞ்சளாக, மூக்கை அரிப்பது தார். கடைசியில் மெல்லிய நீலம் வந்தால் உள்ளே கரி. உடனே துளைகளை அடைத்துவிட வேண்டும், தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். அடுக்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே கரியாகக் கிடைக்கும். பச்சையாக அடுக்கினால் அதுவும் குறையும். நீரை விரட்ட மூட்டத்துக்குள்ளேயே ஒரு பகுதி மரம் தன்னை எரித்துக்கொண்டாக வேண்டும். காயவைக்கத் தவறிய நாட்களுக்கான விலை அங்கே மரமாகவே கழிகிறது.

இவ்வளவு தெரிந்தும் விற்பவர் ஏன் காயவைப்பதில்லை? தராசுதான் காரணம். செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் கடலோரங்களில் நான்கைந்து வருஷத்தில் வெட்டும் சவுக்கு டன் கணக்கில் விலைபோகிறது. வெட்டிய அன்று பாதி ஈரத்தோடு ஒரு டன்னாக இருந்தது, காய்ந்து 20 விழுக்காட்டுக்கு வந்தால் 625 கிலோ. அதே விலைக்கு விற்றால் காத்திருந்த விவசாயிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம். அவர் கட்டையில் ஒரு பொறி வெப்பம்கூடக் குறையவில்லை; அடுப்புக்கு அது முன்பைவிட நல்ல விறகு. ஆனால் தராசு தண்ணீரையும் சேர்த்து எடைபோடுகிறது. சவுக்கு பச்சையாகவே ஓரளவு எரியும் என்ற புகழும் இதற்கு ஒத்தாசை. தொட்டியில், "அண்ணே, காஞ்ச கட்டையாப் பாத்துப் போடுங்க" என்று ஒரு அம்மா கேட்பார். "எல்லாம் காஞ்சதுதாம்மா" என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சோதிக்க அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. பின்லாந்து, சுவீடன், ஆஸ்திரியா போன்ற நாடுகளின் வெப்ப நிலையங்கள் வந்து சேரும் மரச்சில்லிலிருந்து மாதிரி எடுத்து, ஈரத்தை அளந்து, அதில் உள்ள வெப்பத்துக்குத்தான் பணம் தருகின்றன. காத்திருந்தவருக்குக் காத்திருப்பின் விலை கிடைக்கிறது. அந்த ஒரு மாற்றம் மட்டும் வந்தால் நம் ஊரிலும் விறகைக் காயவைக்க யாரும் யாருக்கும் புத்தி சொல்லத் தேவையிராது.

மரச்சில்லைப் பற்றிச் சொன்னேன். இயந்திரத்தில் கொடுத்து மரத்தைத் தீப்பெட்டி அளவுச் சில்லாக நறுக்கிக் கொதிகலனுக்கு அனுப்பும் முறை இப்போது இங்கும் பரவியிருக்கிறது. தென்மாவட்டங்களின் உயிரிப்பொருள் மின்நிலையங்களுக்குச் சீமைக் கருவேலம் இப்படித்தான் போகிறது. பிளந்தால் சீக்கிரம் காயும் என்றால், சில்லாக்கினால் இன்னும் சீக்கிரம் காய வேண்டுமல்லவா? நடப்பது நேர்மாறு. பச்சை மரத்தை நறுக்கிக் குவித்தால் குவியலுக்குள் காற்றுப் போக வழியில்லை. இன்னும் உயிர் இருக்கும் செல்கள் மூச்சுவிட்டு வெப்பம் தரும். பின்னாலேயே நுண்ணுயிர்களும் பூஞ்சையும் வந்து சேரும். சில நாளிலேயே உள்ளே 60, 70 டிகிரி ஏறும். மாதந்தோறும் மரமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பெரிய குவியல்கள் தானாகவே தீப்பற்றியதும் உண்டு. அந்தக் குவியலை வாரும் தொழிலாளியின் நுரையீரலில் பூஞ்சைத் தூள் ஏறிக் காய்ச்சலும் மூச்சிறைப்பும் வரும். ஆகவே பின்லாந்தில் முழுக்கட்டையாகவே சாலையோரம் அட்டி போட்டு, மேலே பட்டையாகக் காகிதம் விரித்து, ஒரு கோடை முழுக்க விட்டு வைக்கிறார்கள். 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த ஈரம் 30-க்குப் பக்கத்தில் வந்தபிறகே நறுக்குகிறார்கள். எவ்வளவு பெரிய இயந்திரம் வந்தாலும் அந்தக் கோடையை அது சுருக்கவில்லை. கோடையைத் தவிர்க்க நினைத்தவரின் குவியல் தன் மரத்தையே தின்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஒழுங்கு புலப்பட்டது. வெயிலுக்கும் காற்றுக்கும் நாம் தராத நாட்கள் எங்கேயும் மறைந்து போவதில்லை. மூட்டத்தில் அவை மரத்திலிருந்து கழிகின்றன. சில்லுக் குவியலில் அழுகலாகக் கழிகின்றன. சூளையில் நெருப்பாகக் கழிகின்றன. வீட்டு அடுப்பில் என்ன கழிகிறது?

காட்டோரத்திலிருந்து தலைச்சுமையாக இருபது, இருபத்தைந்து கிலோ விறகு சுமந்து வரும் பெண்ணைப் பாருங்கள். மழைக்காலத்தில், காய்ந்த சுள்ளி கிடைக்காத நாளில், அவள் தலையில் வருவதில் பத்துக் கிலோ தண்ணீர். குடத்தில் ஒருமுறை தண்ணீர் சுமந்தவள் விறகுக்குள் ஒளிந்த தண்ணீரை இன்னொருமுறை சுமக்கிறாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் மூச்சால் ஊதி ஊதி ஆவியாக்குகிறாள். 1980களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிவியலாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியைப் பொருத்தி, அவர்கள் இழுக்கும் புகையை அளந்தார். பிறகு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழகக் கிராமச் சமையலறைகளில் இதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. காய்ந்த விறகுகூடப் புகையும் என்பதை மறுக்கவில்லை. எரிவாயு அடுப்புக்கு அது ஈடாகாது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பத்தில் நான்கு வீடுகள் விறகு, வரட்டி போன்ற எரிபொருள்களைத்தான் நம்பியிருந்தன. சிலிண்டர் வீட்டுக்கு வந்த பிறகும், அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாத மாதங்களில் பழைய அடுப்பு மறுபடி புகைகிறது. அந்த வீடுகளில் கட்டை ஈரமா, உலர்வா என்பது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் அவர்களிடம் போய், "விறகைக் காயவைத்து எரியுங்கள்" என்று சொல்லிவிடலாமா? நல்லெண்ணத்தோடு அச்சிட்ட கையேடுகள் பல அதைத்தான் சொல்கின்றன. அந்த அறிவுரை எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை 2022 தெளிவாக்கியது.

அந்த வருஷம் உலகின் இரண்டு மூலைகளில் ஒரே சமயத்தில் மக்கள் விறகைத் தேடி ஓடினார்கள். இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி, சமையல் எரிவாயு சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. கொழும்பில் எரிவாயுவே பழகிய வீடுகள் திடீரென்று விறகைத் தேடின. மாடிக் குடியிருப்பில் அடுப்பு மூட்ட இடமில்லை; கிடைத்த கட்டையை அடுக்கிக் காயவைக்க முற்றமும் இல்லை. ஜெர்மனியில், உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய எரிவாயு சுருங்க, குளிர்காலத்துக்குப் பயந்து எல்லாரும் விறகு வாங்கக் கிளம்பினார்கள். அங்கே பணம் இருந்தது, காடு இருந்தது, மரமறுக்கும் இயந்திரம் இருந்தது. காய்ந்த விறகுதான் போதவில்லை. அக்டோபரில் வெட்டிய மரம் அந்த டிசம்பருக்கு உதவாது. ஒன்றிரண்டு வருஷம் கழித்தே உதவும். ஏற்கெனவே அட்டி போட்டு வைத்திருந்தவர் வீடுகள் மட்டும் கவலையில்லாமல் இருந்தன. நார்வேயில் பல வீட்டு வாசலில் ஒழுங்காக அடுக்கிய விறகுச் சுவர் நிற்பதையும், 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி பன்னிரண்டு மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியதையும் படித்தபோது அது வெறும் பிரியம் என்று தோன்றியது. இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அந்தச் சுவரில் வரப்போகும் இரண்டு குளிர்காலங்கள் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

பொறுமையை நாம் குணம் என்று நினைக்கிறோம். விறகு விஷயத்தில் அது சொத்து. காயவைக்க, முதலில் இன்றைக்கு எரிக்க வேறு விறகு கையில் இருக்க வேண்டும். அடுக்கி வைக்கச் சொந்தமாக ஒரு மூலை வேண்டும். அதை ஆறு மாதம் யாரும் தூக்கிப் போகாத பாதுகாப்பு வேண்டும். மழைக்கு மேலே ஒரு தகரம் வேண்டும். அன்றன்றைக்குக் கிடைத்ததை அன்றன்றைக்கு எரிப்பவளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவளுக்குப் பொறுமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஈரக்கட்டையை மணிக்கணக்கில் ஊதிக்கொண்டிருப்பவளைவிடப் பொறுமைசாலி யார்? காத்திருக்க முடிந்தவரின் விறகில் வெயிலும் காற்றும் இலவசமாக வேலை செய்கின்றன. காத்திருக்க முடியாதவரின் விறகில் அதே வேலையை அவர் நெஞ்சு செய்கிறது. வறுமை எவ்வளவு பணத்தைப் பறிக்கிறது என்று எழுதியிருக்கிறோம். அது நாட்களைப் பறித்துப் பிறகு அதே நாட்களை உடம்பிலிருந்து வசூலிக்கிறது என்பதை ஒரு விறகுக் கட்டை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காத்திருக்க முடிந்தவரையும் முடியாதவரையும் மிக அருகருகே பார்க்கக் கிடைக்கும் இடம் தேயிலைத் தோட்டம். தேயிலையே காயவைப்பதால் உண்டாகும் பொருள். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்; தூளாகி வெளியே வரும்போது மூன்று விழுக்காடு அளவுதான். நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து கொடுத்தால் ஒரு கிலோ தூள். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் பல தொழிற்சாலைகளின் உலர்த்திகளுக்கு வெப்பம் தருவது விறகு அடுப்பு. ஈரக்கட்டையைப் போட்டால் வெப்பம் ஏறி இறங்கும், விறகுச் செலவு கூடும், தூளின் தரம் கெடும். இது தெரிந்த நிர்வாகங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு, கட்டையைப் பிளந்து, மாதக்கணக்கில் காயவைத்துத்தான் அடுப்பில் ஏற்றுகின்றன. தேயிலைக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் லயம். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகள், ஒற்றை அறை, சரியாகப் புகை போக்க வழியில்லாத அடுப்படி. அங்கே எரிவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியபின் மலையிலிருந்து கட்டிக் கொண்டுவரும் மிலாறு, அதாவது கழித்த கிளைக்குச்சி. மழையும் மூடுபனியும் விலகாத மலையில், ஆறடி வாசலில், அதை எங்கே வைத்துக் காயவைப்பது? கொழுந்தைக் காயவைக்கும் முறை தெரிந்த அதே மலையில், கொழுந்து பறித்தவள் ஈர மிலாறை ஊதிக்கொண்டிருக்கிறாள்.

லயத்துக்கு ஒரு விறகுக் கொட்டகை போதும். நான்கு கால், மேலே தகரம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இரண்டு வரிசைக் கல், காற்று வரும் திசைக்குத் திறந்த பக்கங்கள், வீட்டுக்கு ஒரு தடுப்பு. தொழிற்சாலைக்குக் கொட்டகை போட்ட அதே தச்சர் இரண்டு நாளில் முடித்துவிடுவார். கவ்வாத்து முடிந்த வாரமே மிலாறை அறுத்து அதில் ஏற்றக் கூலியோடு ஆள் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் லயத்தில் வாழ்பவர்களையே செய்யச் சொல்லக்கூடாது. முதல் வருஷம் மட்டும் தொழிற்சாலைக் கொட்டகையில் காய்ந்து கிடக்கும் கட்டையிலிருந்து வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்வாகம் தந்தாக வேண்டும், ஏனென்றால் இந்த வருஷம் லயத்தில் அடுக்குவது அடுத்த மழைக்குத்தான் அடுப்புக்கு வரும்.